முதுமையில் சர்க்கரை நோயைத் தானே பார்த்துக்கொள்வது எப்படி: டர்பன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எழுபது வயதில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவரும்போது, கிளினிக்கில் அவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மாத்திரைப் பொட்டலமும், அடுத்து வர வேண்டிய தேதி எழுதிய அட்டையும், 'இனிப்பைக் குறையுங்கள்' என்ற ஒரு வாக்கியமும்தான். அந்தச் சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு எதைச் சாப்பிடுவது, மாத்திரையை எப்போது போடுவது, தலை சுற்றினால் என்ன செய்வது, காலில் கொப்புளம் வந்தால் யாரிடம் காட்டுவது என்பதையெல்லாம் நாள்தோறும் அவரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. கண் மங்கி, விரல் நடுங்கி, மறதியும் எட்டிப் பார்க்கும் வயதில் இது சிறிய வேலை அல்ல.

சாட்ஸ்வொர்த்தில் வாழும் என் அம்மா பதினொரு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறார். அவர் அருகிலிருந்தும், எங்கள் பகுதி முதியோர் குழுவில் உள்ளவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டதைப் புதிதாக இந்த நோயை எதிர்கொள்ளும் முதியோருக்கும் அவர்களுடன் வாழ்வோருக்கும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. நம் சமூகத்தில் இந்த நோய் அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. தென்னாப்பிரிக்கா முழுவதற்குமான 2016-ஆம் ஆண்டு இறப்புப் பதிவுகளிலும் காசநோய்க்கு அடுத்த இடத்தில் சர்க்கரை நோயே இருந்தது. ஆகவே 'எல்லாருக்கும் இருப்பதுதானே' என்று இதை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம்.

முதல் படி: எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றின் பெயர், மில்லிகிராம் அளவு, எதற்காக, எந்த நேரத்தில் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதுங்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, மூட்டுவலி ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும், கடையில் தாமாக வாங்கிய மூலிகைத் தூள்களையும் விட்டுவிடக் கூடாது. சர்க்கரை உள்ள முதியவர் ஒருவர் ஒரு நாளில் எட்டு, பத்து மாத்திரை எடுப்பது அரிதல்ல. அவற்றுள் எது சர்க்கரைக்கு என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அரசு கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகள் எப்போதும் ஒரே நிறுவனத்திலிருந்து வருவதில்லை. ஆகவே போன மாதம் நீள்வட்டமாக இருந்தது இந்த மாதம் உருண்டையாக வரலாம். பெட்டியின் நிறமும் மாறலாம். எங்கள் குழுவில் ஒரு தாத்தா, புதிய பெட்டியை வேறு மருந்து என்று எண்ணி, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்து இரண்டு வாரம் இரட்டை அளவு எடுத்திருந்தார். பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரைப் பார்க்காமல், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தாளில் உள்ள பெயருடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. கண்பார்வை போதாதவருக்கு இதை ஒவ்வொரு முறையும் வீட்டிலுள்ள ஒருவர் செய்துகொடுக்க வேண்டும். ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள மாத்திரைப் பெட்டியை மருந்துக்கடையில் வாங்கி ஞாயிறுதோறும் நிரப்பி வைத்தால், 'காலையில் போட்டேனா இல்லையா' என்ற கேள்விக்கு அந்த அறையே பதில் சொல்லிவிடும்.

அந்தத் தாளில் ஒரு குறியும் போடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்ளசைடு, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடக்கூடியவை. இவற்றின் அருகே சிவப்பு மையால் குறியிடுங்கள். இவற்றுள் கிளிபென்கிளமைடு உடலில் நெடுநேரம் தங்குவதால், முதியோருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. அது உங்கள் தாளில் இருந்தால் அடுத்த சந்திப்பில் கேளுங்கள். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். பாதத்தில் மரமரப்பு இருந்தால் அதையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள் எண் எது என்று கேட்டு வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் இரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. சென்னையில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் 'எனக்கு நூற்றைம்பது' என்றால், அதைப் 18-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் அது 8.3. இங்கே 10 என்றால் அங்கே 180. இது தெரியாமல் பயந்தவர்களையும், தவறாக நிம்மதி அடைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற சோதனையில் 7 விழுக்காடு என்பது பொதுவான இலக்கு. அது எல்லாருக்கும் உரியதல்ல. உடல் தளர்ந்தவருக்கும், மறதி உள்ளவருக்கும், தனியாக வாழ்பவருக்கும் 8 அல்லது 8.5 வரை இருப்பதை மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். முதுமையில் சற்று ஏறியிருக்கும் சர்க்கரை செய்யும் தீங்கைக் காட்டிலும், திடீரென்று இறங்கும் சர்க்கரை செய்யும் தீங்கு பெரிது என்பதே அதற்குக் காரணம். 'என் வயதுக்கும் உடல்நிலைக்கும் எந்த எண் போதும்?' என்று கேட்டு, பதிலை அந்தத் தாளின் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சர்க்கரை இறங்குவதை அடையாளம் காணுங்கள்

ஒரு நாள் காலை அம்மா பால் பாக்கெட்டைத் துணி அலமாரிக்குள் வைத்துவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னம்மா என்று கேட்டதற்கு எரிச்சலாக ஏதோ சொன்னார்; சொற்கள் குழறின. மறதி நோய் தொடங்கிவிட்டதோ, பக்கவாதமோ என்று என் மனம் ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ், வந்து பார்த்தவுடன் விரலைக் குத்திச் சோதித்தார். 2.6 காட்டியது. முந்தைய இரவு வயிறு சரியில்லை என்று அம்மா சாப்பிடாமலே இன்சுலின் போட்டிருந்தார். சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்த கால் மணி நேரத்தில், 'பாலை யாரு இங்க வெச்சது?' என்று அவரே கேட்டார்.

சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது இறக்கம். இளையவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் முன்கூட்டியே எச்சரிக்கும். முதியோருக்கு, அதிலும் பல ஆண்டுகளாக நோய் உள்ளவர்களுக்கு, அந்த எச்சரிக்கை மங்கிவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடுகின்றன. அவர்களிடம் தென்படுவது குழப்பம், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், குழறிய பேச்சு. வயதின் கோளாறு என்று நாம் ஒதுக்கிவிடக்கூடிய அடையாளங்கள் இவை.

செய்ய வேண்டியது எளிது. நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் கப் பழச்சாறோ கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்; 4-க்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு ஒரு ரொட்டியோ சிறிதளவு சோறோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கிவிடும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துவதால் அது இதற்கு உதவாது. செயற்கை இனிப்புக் குளிர்பானமும் பயன்படாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 10177 என்ற எண்ணிலோ, கைப்பேசியில் 112 என்ற எண்ணிலோ ஆம்புலன்சை அழையுங்கள்.

படுக்கையருகில் ஒரு மூடியுள்ள டப்பாவில் சீனி வைத்திருங்கள். சர்க்கரை நோயாளியின் படுக்கையருகில் சீனியா என்று வருகிறவர்கள் கேட்பார்கள், வைத்திருங்கள்.

நான்காம் படி: இன்சுலினை உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றதாக்குங்கள்

அரசு மருத்துவமனைகளில் 2024-ஆம் ஆண்டு மனித இன்சுலின் பேனாக்களின் வரத்து குறைந்தபோது, பேனாவுக்குப் பழகியிருந்த பலர் மீண்டும் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் மாற வேண்டியதாயிற்று. பேனாவில் திருகும்போது ஒவ்வோர் அலகுக்கும் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். கண் மங்கியவரும் காதால் எண்ணிக்கொள்ளலாம். சிரிஞ்சில் அந்த வசதி இல்லை. கோடுகளைப் படித்தாக வேண்டும். இங்கே பெரிய தவறு நேரக்கூடும்: ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சிறு கோட்டுக்கு 2 அலகு, அரை மில்லிலிட்டர் சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கு 1 அலகு. கிளினிக்கில் இம்முறை வேறு அளவுச் சிரிஞ்சு கொடுத்து, பழைய பழக்கத்தில் கோடுகளை மட்டும் எண்ணினால், அளவு இருமடங்காகவோ பாதியாகவோ மாறிவிடும். எனவே சிரிஞ்சு மாறும்போதெல்லாம் சிஸ்டர் முன்னாலேயே ஒரு முறை இழுத்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டு வாருங்கள். நம் முதியோர் பலர் இப்படிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

அம்மா கண்டுபிடித்த ஒரு வழி பலருக்கு உதவியிருக்கிறது. கருநீல ஐஸ்கிரீம் டப்பா மூடி ஒன்றை ஜன்னலோரம் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் சிரிஞ்சைப் பிடித்துப் பார்ப்பார். வெண்மையான கலங்கல் இன்சுலின் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது அந்தக் கருமையான பின்னணியில் தெளிவாகத் தெரியும். அந்தக் கலங்கல் வகையைக் குலுக்கக் கூடாது. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டி, அடியில் படிவு இல்லாமல் ஒரே வெண்மையாகும்வரை கலக்க வேண்டும். ஊசியை அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு வெளியே எடுங்கள். ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால் தோலடியில் கட்டிபோல் தடித்து, மருந்து சரியாக உறிஞ்சப்படாது; வயிற்றின் இடம், வலம், தொடை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைக் காலியான ஜிக் (துணி வெளுக்கும் திரவம்) பாட்டிலில் போட்டு மூடி, நிறைந்ததும் கிளினிக்கில் ஒப்படைக்கலாமா என்று கேளுங்கள். நடுக்கம் அதிகமாகிவிட்டால், சில நாட்களுக்கான அளவை மகளோ மருமகளோ முன்கூட்டியே சிரிஞ்சில் நிரப்பி வைக்கலாமா என்பதையும் கேட்கலாம்.

ஐந்தாம் படி: மின்வெட்டு, வெள்ளம், கலவரம்

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டும். திறந்த குப்பி, வெயில் படாத இடத்தில், ஏறத்தாழ 30 டிகிரிக்குள், நான்கு வாரம் வரை பெரும்பாலும் தாங்கும்; திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். சில மணி நேர மின்வெட்டுக்குப் பயப்படத் தேவையில்லை, குளிர்பெட்டியைத் திறக்காமல் இருந்தால் போதும். ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைக்கும் முறை வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். டர்பனின் ஈரக்காற்றில் தண்ணீர் எளிதில் ஆவியாகாததால் இங்கே அதன் குளிர்ச்சி குறைவு. ஐஸ் கட்டி மருந்தில் நேரடியாகப் படாமல் துணி சுற்றி, மூடியுள்ள குளிர்ப்பையில் வைப்பது இங்கே மேல்.

2021 ஜூலைக் கலவரத்தில் மருந்துக்கடைகள் சூறையாடப்பட்டன. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் மக்கள் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். இந்த இரண்டையும் கண்ட நாம், இரண்டு வார மருந்தையும் சில பாட்டில் குடிநீரையும் எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பதே அறிவுடைமை. மருந்து தீரும் நாளன்று போகாமல், ஒரு வாரம் முன்னதாகவே போய் வாங்குங்கள்.

ஆறாம் படி: நம் அடுப்படியும் நம் விரதங்களும்

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, மீலிமீல் (மக்காச்சோள மாவு) களி ஆகிய நான்கும் சர்க்கரையை ஏற்றுபவை. ஒரே வேளையில் அவற்றுள் ஒன்று மட்டும் தட்டில் இருக்கட்டும். பிரியாணியில் சோறும் உருளைக்கிழங்கும் சேர்ந்தே வருகின்றன. கூடவே பருப்பையும் காய்கறியையும் அதிகமாகப் போட்டுக்கொண்டு, பிரியாணியின் அளவைக் குறைக்கலாம். பீன்ஸ் கறியும் கீரையும் நமக்குப் பழகியவை, விலையும் குறைவு, சர்க்கரையையும் மெல்லத்தான் ஏற்றும். தேநீரில் போடும் சீனியைக் கரண்டி கரண்டியாக மாதக்கணக்கில் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவுகள். அவற்றை நம்பி இன்சுலினை நிறுத்தியவர்கள் மருத்துவமனையில் போய்ப் படுக்கும் நிலைக்கு ஆளாகியிருக்கிறார்கள்.

விரதம் பற்றித்தான் கவனமாகச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் புலால் விடுவதால் தீங்கில்லை. ஆனால் கறிக்குப் பதிலாகப் பூரியும் உருளைக்கிழங்கும் கேசரியும் வந்து நிறைந்துவிடுகின்றன. காவடி விரதத்தில் ஒரு வேளை மட்டும் உண்பவர், சிவப்புக் குறியிட்ட மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். விரதம் தொடங்க மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, அந்த நாட்களுக்கான அளவை எழுதி வாங்குங்கள். 'விரதமே வேண்டாம்' என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டால், பக்தியுள்ள முதியவர் அடுத்த முறை அவரிடம் எதையும் சொல்லாமல் மறைத்துவிடுவார். உடன் செல்லும் பிள்ளைகள் இதை மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: பாதம்

நரம்பு தளர்ந்த பாதத்துக்குச் சூடும் வலியும் தெரியாது. தைப்பூசக் காவடி வருவது இங்கே கடுங்கோடையில். கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, மாலையில் வீட்டுக்கு வந்து காலுறை போட முயன்றபோதுதான் ஒரு பெரியம்மா தன் பாதத்தில் தோல் உரிந்திருப்பதைக் கண்டார். புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள், முதலில் கிளினிக்கில் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ளட்டும். உணர்வு குறைந்திருந்தால் அந்த நேர்த்தியைப் பால்குடமாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொள்ளலாமா என்று பூசாரியிடம் கேட்கலாம். மாரியம்மன் தாயிடமே கேட்பதற்கு ஒப்பானது அது. தன் பிள்ளையின் கால் போவதை அவள் கேட்க மாட்டாள் என்பது என் நம்பிக்கை.

இரவில் கால் கழுவித் துடைத்தபின், தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிக் காட்டி, அடிப்பாகத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். வெந்நீர்ப் பையைக் காலில் வைக்காதீர்கள். ஆறாத புண், சிவப்பு, துர்நாற்றம் எது தென்பட்டாலும் அடுத்த தேதிவரை காத்திராமல் மறுநாளே காட்டுங்கள்.

எட்டாம் படி: கிடைக்கும் உதவிகளைக் கேட்டு வாங்குங்கள்

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் அடிப்படைச் சிகிச்சை இலவசம். 60 வயது முதல், அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாசாவின் (SASSA) அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தொகை பெறுபவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணம் இல்லை. முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் நிலை வந்தால், அதே சாசா அலுவலகத்தில் கூடுதலாகப் பராமரிப்பு உதவித்தொகை கேட்கலாம். இது இருப்பதே பலருக்குத் தெரியாது. தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு, 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சர்க்கரை நோய்ச் சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றாக வேண்டும்; ஆனால் நோயை அவர்களிடம் முறையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

நோய் கட்டுக்குள் இருப்பவர்கள், 2014-இல் தொடங்கிய மருந்து வழங்கும் திட்டத்தின் மூலம் வீட்டருகே உள்ள மருந்துக்கடையிலோ வேறு மையத்திலோ மருந்துப் பொட்டலத்தைப் பெறலாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பதால் வரும் மயக்கங்களுக்கு இது ஒரு முடிவு. 'என் பொட்டலத்தை வெளியே வாங்க முடியுமா?' என்று சிஸ்டரிடம் நீங்களே கேளுங்கள். அப்போதும் ஆண்டுக்கொரு முறை கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதம் ஆகிய மூன்றையும் சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்துக்கு முன் ஃப்ளூ தடுப்பூசியும் கிளினிக்கில் இலவசம். டயாபிடீஸ் சௌத் ஆப்பிரிக்கா என்ற தொண்டு அமைப்பும், கோயில் மண்டபங்களில் கூடும் முதியோர் குழுக்களும் தனிமைக்கு மருந்தாகும்.

ஒன்பதாம் படி: வீட்டிலுள்ளவர்களுக்கு

நான் செய்த தவறு இது. வேலையிலிருந்து வந்தவுடன் மீட்டரை எடுத்து எண்ணைப் பார்ப்பேன். 14 இருந்தால் முகம் சுளிப்பேன். சில மாதங்களில் அம்மா சோதிப்பதையே குறைத்துக்கொண்டார், கோயில் லட்டு தலையணைக்கு அடியில் போயிற்று. ஒரு நாள், 'நீ எண்ணைக் கேக்காதே, என்ன சாப்பிட்டேன்னு கேளு' என்றார். அதன்பின் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். அதிகாரம் செய்தால் மறைப்பார்கள். அருகில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.

உதவி தேவைப்படும்போது வேலையை முழுவதுமாகப் பிடுங்கிக்கொள்ளாமல், முடியாத பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பெட்டியை நீங்கள் நிரப்பலாம், எடுத்துப் போடுவது அவராக இருக்கட்டும். மாத்திரை மிஞ்சுவது, ஒரே நாளில் இருமுறை போடுவது, தேதியை மறப்பது ஆகியவை அடிக்கடி நேர்ந்தால், கண்டிக்காமல் மருத்துவரிடம் சொல்லி, முறையை எளிதாக்கச் சொல்லுங்கள்; நாளுக்கு மூன்று வேளையை ஒரு வேளையாக்க வழி இருக்கலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதையும் நலமாக இருக்கும்போதே கேட்டுத் தாளின் பின்பக்கம் எழுதி வைக்க வேண்டும்; மெட்ஃபார்மினை அப்போது தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதுண்டு, இன்சுலினைத் தாமாக நிறுத்தவே கூடாது.

கடந்த ஆண்டிலிருந்து அம்மாவின் வலக்கை விரல்கள் சிரிஞ்சை இழுக்க ஒத்துழைப்பதில்லை. இப்போது நான் இழுக்கிறேன். அவர் கருநீல மூடியை ஜன்னலோரம் சாய்த்து வைத்து, கோட்டைப் பார்த்து, 'பதினாலு, சரி' என்று சொன்ன பிறகுதான் போடுகிறோம். இன்று இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் அவர் கணக்குதான்.